ஒரே பட்டறைச் சான்றிதழ்

கும்பினிப்பேட்டையில், ஐப்பசி பிறந்தும் மழை பிறக்காமல் இருந்த ஒரு செவ்வாய்க்கிழமை விடிந்தபோது, பால் கறக்க எழுந்தவர்கள், பல் துலக்க எழுந்தவர்கள், எதற்கு எழுந்தோம் என்றே தெரியாமல் எழுந்தவர்கள் என்று ஒருவர் பாக்கியில்லாமல் ஊரில் எல்லார் உடம்பிலும் முத்திரைகள் விழுந்திருந்தன. மிளகளவு முத்திரைகள். இரும்பில் அச்சு வைத்துச் சுத்தியலால் ஒரே போடு போட்டால் எப்படிப் பதியுமோ அப்படி, காது மடலில் ஒன்று, முழங்கையில் ஒன்று, பெருவிரல் அடியில் ஒன்று, முட்டியில், கணுக்காலில், பிடரியில் என்று ஆளுக்குப் பதினெட்டு இடங்களில், வலிக்காமல், ரத்தம் வராமல், தேய்த்தால் போகாமல். வேறு ஊராக இருந்தால் பயந்திருக்கும். கும்பினிப்பேட்டைக்காரர்கள் முதல் காரியமாகப் பக்கத்து வீட்டுக்காரனுக்கு எத்தனை விழுந்திருக்கிறது என்று எட்டிப் பார்த்தார்கள்; அவனுக்கும் பதினெட்டுதான் என்று தெரிந்ததும் நிம்மதியாகக் காப்பி குடித்தார்கள்.

பத்து மணி வாக்கில் வெளியூரிலிருந்து சுகாதார ஆய்வாளர் வந்தார். ஊர்ப் பொதுக்குழாயில் ஒரு வாய் தண்ணீர் குடித்தார். குடித்த கையோடு அவர் காதிலும் ஒன்று விழுந்தது. "கொசுவாக இருக்கலாம்" என்று எழுதிக்கொண்டு, காதைக் கைக்குட்டையால் பொத்தியபடி அவர் கிளம்பிப் போனதோடு அரசாங்கத்தின் கடமை முடிந்தது.

எப்படி விழுந்தது என்று யாரும் அப்புறம் கேட்கவில்லை. எந்த எழுத்து, யார் எழுத்து என்பதுதான் கேள்வியாக இருந்தது. அதைச் சொல்லக்கூடிய ஆள் ஊரில் ஒருவர்தான். துரதிர்ஷ்டவசமாக, அந்த ஆளைத்தான் ஊர் இருபத்திரண்டு வருஷமாகக் கிறுக்கன் என்று தீர்மானித்து வைத்திருந்தது.

அவர் பெயர் சற்குணம். கடைக்காரர்களின் எடைக்கல்லில் அரசாங்க முத்திரை அடிக்கும் ஆய்வாளராக முப்பத்தோரு வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒரு காலத்தில் வெள்ளைக்காரப் பட்டாளம் கூடாரம் போட்டுத் தங்கிய ஊர் அது. பட்டாளம் போனாலும் அதன் இரும்பு போகவில்லை. பழைய இரும்புக்கடைகளில் இன்னமும் ராணுவத் துப்பாக்கிகளின் ஆணியும் திருகும் வளையமும் தகடும் குவியலுக்குள் கிடந்து கையைக் கிழிக்கும். சற்குணம் அவற்றைப் பொறுக்குவார். மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, பழைய பல்துலக்கியால் தேய்த்து, லென்ஸ் வைத்து, அதில் விழுந்திருக்கும் மிளகளவு எழுத்தைப் பார்ப்பார். ஒருமுறை போலீஸ்காரர் ஒருவர் வந்து டப்பா டப்பாவாகக் கொட்டிப் பார்த்துவிட்டு, "இத எல்லாம் சேத்தா ஒரு துப்பாக்கி ஆகுமா?" என்று கேட்டார். "ஒரு அரிவாள்மணைகூட ஆகாது சார்" என்று உள்ளேயிருந்து பதில் சொன்னவர் சற்குணத்தின் மனைவி தைலம்மை.

சற்குணத்துக்குத் தெரிந்த விஷயம் இதுதான். போர்க்காலத்தில் ஒரு துப்பாக்கியை ஒரே பட்டறை முழுசாகச் செய்ததில்லை. தையல் மெஷின் செய்தவனிடம் ஒரு தகடு, சைக்கிள் செய்தவனிடம் ஒரு திருகு, கட்டில் செய்தவனிடம் ஒரு வளையம், தட்டச்சு இயந்திரம் செய்தவனிடம் ஒரு விசை என்று பிரித்துக் கொடுத்து, எல்லாவற்றையும் ஒரு மூலையில் கொட்டி, கைக்கு வந்ததை எடுத்துப் பூட்டி அனுப்பினார்கள். ஒவ்வொருவனும் தான் செய்த துண்டில் தன் எழுத்தை அடித்தான். அந்த எழுத்தை வைத்துச் செய்தவனைக் கண்டுபிடிப்பதுதான் சற்குணத்தின் வேலை, தூக்கம், தீபாவளி எல்லாம். நாற்பத்தேழு பட்டறைகளில் நாற்பத்தாறைப் பிடித்துவிட்டார். வாலில்லாத மீன் போன்ற ஒரு குறி மட்டும் இதுவரை கையில் சிக்கவில்லை.

"அண்ணாச்சி, உம்ம துருப்பிடிச்ச நோட்டுல என் காது இருக்கான்னு பாரும்" என்று முதலில் வந்து நின்றவர் டீக்கடைக்காரர். போன வாரம்வரை சற்குணத்தைப் பார்த்தால் "என்ன வே, யுத்தம் எப்பம்?" என்று கேட்டவர்.

"காத எவன் வே நோட்டுல எழுதுவான்? காதச் செஞ்சவன் யாருன்னுல்லா பாக்கணும்" என்றார் சற்குணம். எழுத்தை மட்டும் பார்ப்பவன் ஏமாறுவான், எழுத்தின் எந்தக் கால் தேய்ந்திருக்கிறது என்று பார்ப்பவன்தான் ஆளைப் பிடிப்பான் என்பது அவர் கொள்கை. வெண்ணெய்த்தாளைக் காதில் வைத்துப் பென்சிலால் தேய்த்துப் படி எடுத்துக்கொண்டார்.

மதியத்துக்குள் வரிசை தெருமுனை தாண்டியது. மூன்றாம் நாள் பஞ்சாயத்தே அவருக்கு ஒரு மேசையும், பதிவேடும், தலைக்கு மேலே ஓடாத மின்விசிறி ஒன்றும் கொடுத்தது. நான்காம் நாள் அரசு ஆஸ்பத்திரியில் பிறந்த குழந்தையின் குதிகாலில் அம்மாவின் குதிகால் குறியும், காதில் அப்பாவின் காதுக் குறியும், மூக்கோரத்தில் இருவருக்குமே இல்லாத ஒரு குறியும் இருந்தன. ஆஸ்பத்திரி வாசலில் நின்றவர்கள் எல்லாரும் அப்பாவின் முகத்தைத் திரும்பிப் பார்த்தார்கள். அந்த மூக்குக் குறி அப்பாவைப் பெற்ற தாத்தாவிடம் இருக்கிறது என்று சற்குணம் ஓடிப் போய்ப் பார்த்துச் சொன்ன பிறகுதான் அந்தத் தாய்க்குப் பத்தியச் சாப்பாடு உள்ளே போனது. ஆக, முத்திரை என்பது வந்த வழி. யாரிடமிருந்து எந்த உறுப்பு வந்ததோ அவர் பட்டறையின் எழுத்து.

இது தெரிந்ததும் ஊரில் ஒவ்வொரு தெருவும் தனக்கென்று ஒரு எழுத்து இருக்கும் என்று முடிவு செய்துகொண்டது. கோயில் தெரு தன் எழுத்தைப் பலகையில் பொறிக்கத் தச்சனுக்கு முன்கூட்டியே சொல்லிவைத்தது.

சற்குணம் ஒரு மாதம் உட்கார்ந்தார். ஊரையே படி எடுத்தார். கடைசியில் தைலம்மையை நாற்காலியில் உட்காரவைத்து அவள் முழங்கையில் லென்ஸைப் பிடித்தார். மற்றவர்களுக்கு ஆன நேரத்தைவிட அதிகம் ஆனது.

"முப்பத்தி மூணு வருசத்துல என் முழங்கைய இப்பத்தான் பாக்கீங்க" என்றாள் தைலம்மை. "துப்பாக்கில பொறந்திருந்தா எப்பவோ பாத்திருப்பீங்க."

"இங்க ஒரு சுழி இருக்கு. மீன்காரத் தெருவுலயும் இதே சுழிதான். கோயில் தெருவுலயும் இதேதான்."

"இருந்துட்டுப் போகட்டும். அரிசிய ஊறப்போடணும், கைய விடுங்க."

இருந்துவிட்டுப் போகட்டும் என்று ஊர் விடவில்லை. சற்குணத்தின் பதிவேடு சொன்னது இவ்வளவுதான்: ஊரில் மொத்தம் இருபத்து மூன்று பட்டறை. ஒன்பதுக்குக் குறைந்து எழுத்து உள்ள ஆள் ஒருவர்கூட இல்லை. எந்தத் தெருவுக்கும் தனி எழுத்து இல்லை. எல்லா எழுத்தும் எல்லாத் தெருவிலும் சம்பந்தம் வைத்திருக்கிறது. அது பஞ்சாயத்துப் பலகையில் ஒட்டப்பட்ட அன்று மாலையே கிழிக்கப்பட்டது. கலந்திருக்கிறோம் என்பதில்கூட ஊருக்குப் பெரிய வருத்தம் இல்லை, அது ஓரளவு எல்லாருக்கும் தெரிந்ததுதான். அதைத் தெளிவான கையெழுத்தில் எழுதிவைத்ததுதான் அநாகரிகமாகப் பட்டது. மருந்துக்கடையில் பிளாஸ்திரி தீர்ந்தது. மழை வராத புழுக்கத்தில் ஆண்கள் முழுக்கைச் சட்டையும் பெண்கள் மஃப்ளரும் போட்டுக்கொண்டு நடந்தார்கள். வேண்டாத எழுத்தை அரம் வைத்து ராவி, வேண்டிய எழுத்தை அடித்துத் தருவதாக வெல்டிங் பட்டறைக்காரர் ஒருவர் தட்டி வைத்தார்; இரண்டு பேர் போய், காயம் ஆறியதும் அதே இடத்தில் அதே எழுத்து இன்னும் பளிச்சென்று வந்ததைக் கண்டு சமாதானமானார்கள்.

இந்த நிலையில்தான் அரிசி ஆலை ஆவுடையப்பன் சற்குணத்துக்கு ஆள் அனுப்பினார்.

ஆவுடையப்பனுக்கு ஏழு தலைமுறை. எல்லாருக்கும்தான் ஏழு தலைமுறை இருக்கும். ஆனால் அவர் அதை வழவழப்பான தாளில் புத்தகமாகப் போட்டிருந்தார். வேற்று ரத்தம் ஒரு சொட்டுகூடக் கலக்காத குடும்பம் என்று முதல் பக்கத்திலேயே இருக்கும். அவருடைய ஒரே மகள் வடிவாம்பிகைக்குப் பக்கத்து ஜில்லாவில் தளவாய்மூர்த்தி என்பவரின் மகனைப் பேசியிருந்தார்கள். தளவாய்மூர்த்தியும் புத்தகம் போட்டவர். அவருடையதில் எட்டுத் தலைமுறை. கும்பினிப்பேட்டை சமாசாரம் காதுக்குப் போனதும், பெண்ணின் பதினெட்டு இடமும் ஒரே பட்டறைதான் என்று சற்குணம் எழுத்துமூலம் தரவேண்டும், நிச்சயதார்த்தச் சபையில் அவரே அதைப் படிக்கவேண்டும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

"ஓய் சற்குணம், உம்ம கண்ணுக்கு ஒரு விருந்து" என்று ஆவுடையப்பன் கூடத்துச் சுவரைக் காட்டினார். அவர் பாட்டனாரின் புகைப்படத்துக்குக் கீழே, குழலில் ஈயம் ஊற்றி அடைத்த பழைய ராணுவத் துப்பாக்கி ஒன்று மாலையோடு தொங்கிக்கொண்டிருந்தது. "வெள்ளக்காரத் தொர தன் கையால எங்க பாட்டனாருக்குக் குடுத்தது. புத்தம் புதுசு. ஒரே பட்டறை."

சற்குணம் அதைக் குழந்தையை வாங்குவதுபோல மடியில் வாங்கினார். லென்ஸ் தகட்டில் நின்றது, வளையத்தில் நின்றது, விசையில் நின்றது. அவருக்குப் பொய் சொல்லத் தெரியாது என்பதில்லை. சர்வீஸில் ஒரே ஒருமுறை, மேலதிகாரியின் மச்சான் கடையில், எடை குறைந்த கல் என்று தெரிந்தே முத்திரை அடித்திருக்கிறார், அந்தக் கடைப் பக்கம் இன்றுவரை போனதில்லை. ஆனால் இரும்பு கையில் இருக்கும்போது அவர் வாய் தானாகப் பேசிவிடும்.

"மொதலாளி, இதுல ஒம்பது பட்டறை இருக்கு. பின்தகடு தையல் மெஷின்காரன். இந்த வளையம் கட்டில்காரன்."

"என்ன வே சொல்லுதீரு? எங்க பாட்டனாரு துப்பாக்கியவா கலப்புங்கீரு? இத வச்சு நாலு புலி சுட்டிருக்காரு!"

"ஒம்பதும் ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்போனதுனாலதான் மொதலாளி சுட்டிருக்கு" என்று சொல்லிக்கொண்டே குழல் முனைக்குப் போன சற்குணத்தின் கை அங்கே நின்றுவிட்டது. குறிபார்க்கிற அந்தச் சின்ன முளையின் அடியில், வாலில்லாத மீன்.

ஆவுடையப்பனுக்கு எழுத்துப் படிக்கத் தெரியாவிட்டாலும் முகம் படிக்கத் தெரியும். நெல் விற்க வந்தவன் முகத்தைப் பார்த்தே விலை சொல்லிப் பழகியவர். "அந்த மொளைதானே? கழட்டித் தாரேன். ஒரே பட்டறைன்னு எழுதிக் கொண்டாரும், ஒரு கையில காயிதம், ஒரு கையில மொளை" என்றார்.

மறுநாள் மதியம் வடிவாம்பிகை ஸ்கூட்டரில் வந்தாள். கூட்டுறவுச் சங்கத்தில் மண் பரிசோதிக்கிற வேலை அவளுக்கு. விரல் நகத்தில் செம்மண் இருந்தது. அவளே கையை நீட்டினாள், காதைக் காட்டினாள், காலைத் தூக்கி முக்காலியில் வைத்தாள்.

"எத்தன சார்?"

"பதினொண்ணு."

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். "அப்பாடா. அப்படியே எழுதுங்க சார். நிச்சயம் தன்னால நின்னுரும். நான் நூறு தடவ சொல்லியாச்சு, வீட்டுல யாரு காதுலயும் ஏறல. அந்த ஆளு வீடியோ கால்ல கணுக்காலக் கிட்டக்கக் காட்டுங்கான். மாட்டுச் சந்தையிலகூட நேர்ல வந்துதான் பல்லப் பிடிச்சுப் பாப்பாவ."

அவள் போன பிறகு சற்குணம் பேனாவை மூடித் திறந்து மூடிக்கொண்டிருந்தார். நாற்பத்தேழில் ஒன்று. இருபத்திரண்டு வருஷம். அதுவுமில்லாமல் அந்தப் பெண்ணுக்கு நல்ல இடம்தானே என்றுகூட ஒரு நியாயம் அவருக்குக் கிடைத்துவிட்டது. வேண்டியவர்களுக்கு நியாயம் கிடைக்க எவ்வளவு நேரம் ஆகும்.

அம்மியில் தேங்காய் அரைத்துக்கொண்டிருந்த தைலம்மை திரும்பாமலே சொன்னாள்: "அந்தப் பிள்ளைக்குப் பொய் எழுதிக் குடுத்துட்டு வந்தீங்கன்னா, அந்த மீன நீங்களே கொழம்பு வச்சு நீங்களே தின்னுக்கிடுங்க."

நிச்சயதார்த்தத்துக்குத் தளவாய்மூர்த்தி இரண்டு வேனில் ஆளும் ஒரு வேனில் தண்ணீரும் கொண்டுவந்தார். கும்பினிப்பேட்டைத் தண்ணீர் தொண்டையில் இறங்கினால் முத்திரை விழும் என்று தெரிந்திருந்ததால், தன் ஊர்க் கிணற்றுத் தண்ணீரை இருபது கேன்களில் அடைத்து, தன் சமையல்காரரைக்கொண்டு தனிப் பலகாரம் செய்து, ஒரு துளி சுத்தக் குறைவும் இல்லாமல் வந்து பாயில் உட்கார்ந்தார். அவர்கள் தோலெல்லாம் வெறுமையாக, பரீட்சை எழுதாதவனின் தாள்போலப் பளபளவென்று இருந்தது. மாப்பிள்ளை கைலாசராஜன் பட்டு வேட்டியில் உட்கார்ந்து, கைக்கெட்டிய தட்டுகளை எல்லாம் தன் பக்கம் இழுத்துக்கொண்டிருந்தான்.

சற்குணம் எழுந்தார். காகிதத்தைப் பிரித்தார். எதிரே ஆவுடையப்பன் வெற்றிலைப்பெட்டியைத் திறந்து, கழற்றிய முளையை வெளிச்சத்தில் படும்படி பாக்குக்குப் பக்கத்தில் வைத்தார். சற்குணம் அதைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே படித்தார்: "செல்வி வடிவாம்பிகை. பதினெட்டு இடம். பதினோரு பட்டறை."

நாதஸ்வரக்காரர் வாயிலிருந்து சீவாளியை எடுத்துவிட்டார். தளவாய்மூர்த்தி மேல்துண்டை உதறிக்கொண்டு எழுந்தார். "பதினோரு பட்டறையா! எட்டுத் தலைமுறையாக் கட்டிக்காத்த குடும்பம் வே! எங்க வீட்டுல..." என்று அவர் ஆரம்பித்தபோதுதான், சபையில் நடந்தது எதுவும் தெரியாமல் பஜ்ஜியை ருசி பார்த்துக்கொண்டிருந்த கைலாசராஜன் முழுப் பச்சைமிளகாய் ஒன்றைக் கடித்தான். கண் பிதுங்கியது. கேன்கள் வேனில் இருந்தன. பந்திக்கு வைத்திருந்த கும்பினிப்பேட்டைச் செம்பு பக்கத்தில் இருந்தது. ஒரே மூச்சில் குடித்தான்.

டக் டக்கென்று பதினெட்டு முத்திரை. கடைசி முத்திரை மூக்கோரத்தில் எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே விழுந்தது.

"பாரும்" என்றார் ஆவுடையப்பன், இதுவரை சற்குணத்தைக் கொன்றுவிடுவதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தவர். சற்குணம் லென்ஸோடு மண்டியிட்டார். கேசரி வாசனைக்குள் குனிந்து காது, கை, கால் என்று பார்த்து முடித்தார்.

"பதினாலு."

தளவாய்மூர்த்தி உதறிய துண்டைக் கையிலேயே வைத்துக்கொண்டு யோசித்தார். எட்டுத் தலைமுறைக்காரர்கள் சும்மா எட்டுத் தலைமுறை இருந்துவிடுவதில்லை. மெதுவாகத் துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு, "ஏன் வே, பதினொண்ணவிடப் பதினாலு பெருசுல்லா?" என்றார்.

"பதினொண்ணும் லேசுப்பட்டதில்ல" என்றார் ஆவுடையப்பன் சட்டென்று. "இந்த ஊருல முக்காவாசிப் பேருக்கு ஒம்பதுதான்."

"பின்னே! ஒரே பட்டறைன்னா என்ன அர்த்தம்? வேற எவனும் சீண்டலன்னுல்லா அர்த்தம்!"

அரைமணி நேரத்தில் எல்லாம் ஒழுங்காகிவிட்டது. இத்தனை பட்டறைகள் போட்டி போட்டுக்கொண்டு உறுப்புக் கொடுத்த குடும்பங்கள் எவ்வளவு பெரிய குடும்பங்கள் என்று இரு தரப்புப் பெரியவர்களும் பேசிப் பேசி நெகிழ்ந்தார்கள். தளவாய்மூர்த்தியின் ஆட்கள் வரிசையில் நின்று கும்பினிப்பேட்டைத் தண்ணீரைக் குடித்தார்கள்; பன்னிரண்டு வந்தவர்கள் பத்து வந்தவர்களைக் கொஞ்சம் தள்ளி உட்காரச் சொன்னார்கள். ஆவுடையப்பன் சந்தோஷத்தில் வெற்றிலைப்பெட்டியை எடுத்துவந்து முளையைச் சற்குணத்தின் உள்ளங்கையில் வைத்து அழுத்தினார். நாதஸ்வரம் மறுபடி தொடங்கியது.

"எனக்கு இவரு வேண்டாம்" என்றாள் வடிவாம்பிகை.

சத்தமாகச் சொல்லவில்லை. மண்ணில் உப்பு ஜாஸ்தி என்று விவசாயியிடம் சொல்கிற குரலில் சொன்னாள். ஆனாலும் கேட்டது.

"ஏம்மா, குறியில என்ன கொறை?" என்றார் தளவாய்மூர்த்தி நிஜமாகவே புரியாமல். "பதினாலு!"

"குறியில ஒரு கொறையும் இல்ல மாமா. ஆளுதான் வேண்டாம்."

அதற்குப் பதில் சொல்ல ஏழு தலைமுறைப் புத்தகத்திலும் இடமில்லை, எட்டுத் தலைமுறைப் புத்தகத்திலும் இல்லை. கைலாசராஜன் எரிகிற வாயோடு அவளைப் பார்த்தான். முதன்முறையாக அவள் கணுக்காலைத் தவிர வேறு எதையோ பார்க்கிறவன்போலத் தெரிந்தது, காலம் கடந்துவிட்டது. அவள் மாலையைக் கழற்றிப் பாயில் வைத்துவிட்டு, அன்றைக்குள் பார்த்து முடிக்கவேண்டிய பதினாறு மண் மாதிரிகள் இருப்பதாக அம்மாவிடம் சொல்லிவிட்டு ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போனாள். அவளை நிறுத்தப் போனவர்கள் எந்த எழுத்துக்காரர் முதலில் போவது என்பதில் தடுமாறி நின்றார்கள்.

முளையைத் திருப்பிக் கேட்டு அன்று மாலையே ஆலையிலிருந்து ஆள் வந்தது. சற்குணம் மூடிய கையைத் திறக்கவில்லை. தைலம்மை அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்து, முளையைக் கொடுத்தனுப்பினாள். "தேச்சு எடுத்தாச்சுல்லா?" என்று கேட்டாள். அவர் தலையாட்டினார். நோட்டில் நாற்பத்தேழாவது பக்கத்தில் வாலில்லாத மீன் பென்சில் கருமையில் படுத்திருந்தது. பிறகு ஒரு வாரம் தபால்களும் பட்டியல்களும் புரட்டி, குழந்தைகள் நடைவண்டிக்குச் சக்கரம் செய்துகொண்டிருந்த ஒரு சின்னப் பட்டறை அது என்று கண்டுபிடித்தார். அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. தைலம்மையிடம் சொன்னார். "பாவம், நடைவண்டிக்காரன்" என்றாள் அவள்.

எட்டாம் நாள் ஆவுடையப்பனே வந்தார். கூட வடிவாம்பிகையும் வந்தாள். அவருக்கு ஒரே ஒரு விஷயம் தெரியவேண்டியிருந்தது.

"இவ சபையில பேசுன அந்தப் பேச்சு எந்தப் பட்டறையிலேருந்து வந்ததுன்னு பாத்துச் சொல்லும் வே. நிச்சயமா எங்க பக்கம் இல்ல. அவ அம்மா வழியாத்தான் இருக்கணும். எழுதிக் குடும், நான் அவங்கள ஒரு கேள்வி கேக்கணும்."

வடிவாம்பிகை நாற்காலியில் உட்கார்ந்து நாக்கை நீட்டினாள். சற்குணம் லென்ஸை வைத்து மேலே பார்த்தார், ஓரத்தில் பார்த்தார், மடிக்கச் சொல்லி அடியிலும் பார்த்தார். லென்ஸைத் துடைத்துக்கொண்டு இன்னொரு முறை பார்த்தார். ஆவுடையப்பன் அவர் தோளுக்கு மேலாக எட்டி எட்டிப் பார்த்தார்.

"எந்த எழுத்து?"

"எழுத்தே இல்ல மொதலாளி."

"இல்லன்னா? தேஞ்சு போச்சா?"

"தேயல. அடிக்கவே இல்ல. இது சொந்தத் தயாரிப்பு."

இந்தச் செய்தி ஒரே நாளில் இரண்டு ஜில்லாவையும் சுற்றிவந்தது. அந்தக் கார்த்திகையிலிருந்து அந்தப் பக்கம் பெண் பார்க்கப் போகிறவர்கள் பாட்டுப் பாடச் சொல்வதை விட்டுவிட்டார்கள், சமைக்கத் தெரியுமா என்று கேட்பதையும் விட்டுவிட்டார்கள். பெண் வந்து நமஸ்காரம் செய்ததும், முன்னெச்சரிக்கையாக, நாக்கில் முத்திரை இருக்கிறதா என்று காட்டச் சொன்னார்கள். பெண்களும் மறுப்பதில்லை. நிமிர்ந்து உட்கார்ந்து, மாப்பிள்ளை வீட்டார் அத்தனை பேருக்கும் ஒருவர் விடாமல் தெரியும்படி, அடி நாக்குவரை நன்றாக நீட்டிக் காட்டினார்கள்; போதும் போதும் என்று சொன்ன பிறகும் உள்ளே இழுத்துக்கொள்ளவில்லை.